‘பெட் சவுண்ட்ஸ்’: எத்தனை தட்டுகள் தேவை?

அமெரிக்கப் பாப் இசைக் குழுவான தி பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பம் 1966 மே 16 அன்று கேபிடல் நிறுவனத்தின் வெளியீடாக வந்தபோது அதில் 13 தடங்கள் இருந்தன. முழுவதும் ஓடி முடிய 36 நிமிடங்கள்கூட ஆகாது. அந்தச் சிறிய ஆல்பத்தைச் சுற்றி இன்று ஒரு தனி நூலகமே வளர்ந்திருக்கிறது. மோனோவும் (எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்த வடிவம்) ஸ்டீரியோவும் (ஒலி இட, வலப் பக்கங்களாகப் பிரிந்த வடிவம்) சேர்ந்த ஒற்றைக் குறுந்தட்டு, 1997-இல் வந்த நான்கு தட்டுப் பெட்டி, 2006-இன் 40-ஆம் ஆண்டுப் பதிப்பு, 2016-இல் 50-ஆம் ஆண்டை ஒட்டி வந்த இரட்டைத் தட்டு, அதே ஆண்டில் நான்கு குறுந்தட்டும் ஒரு ப்ளூ-ரேவும் அடங்கி வந்த பெரிய பதிப்பு, இவற்றுக்கு அப்பால் பலவகை வினைல் தட்டுகள் என்று வாங்க நினைப்பவரின் முன் வரிசை நீள்கிறது. தட்டுகளின் எண்ணிக்கை ஏற ஏறக் கேட்கும் இன்பமும் ஏறும் என்று எண்ணி இந்த வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறவர்கள் பலர். அவர்களில் ஒரு பகுதியினர் முதல் தட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு மற்றவற்றை அலமாரியில் விட்டுவிடுகிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

காரணம் எளிது. இந்த ஆல்பத்தின் பெரிய பதிப்புகளில் இதுவரை கேட்டிராத பாடல்கள் மிகக் குறைவு. அவற்றில் நிறைந்திருப்பது, ஏற்கெனவே மனப்பாடமான பாடல்கள் கட்டியெழுப்பப்பட்ட விதம். அந்தக் கட்டுமானத்தில் ஆர்வமுள்ளவருக்கு நான்கு தட்டும் போதாதது போலத் தோன்றும். ஆர்வமில்லாதவருக்கு இரண்டாவது தட்டே மிகை. ஆகவே பதிப்புகளை ஒப்பிடுவதற்கு முன், அந்தக் கட்டுமானம் எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்த்துவிடுவது நல்லது. எந்தப் பதிப்பில் எது இருக்கிறது, எது இருக்க முடியாது என்பதெல்லாம் அதிலிருந்தே விளங்கும்.

1964 டிசம்பரில் விமானப் பயணமொன்றில் மனம் நிலைகுலைந்த குழுவின் இசையமைப்பாளர் பிரையன் வில்சன், அதன் பிறகு குழுவுடன் ஊர் ஊராகச் செல்வதை நிறுத்திக்கொண்டு பாடல் எழுதுவதிலும் ஒலிப்பதிவிலும் தங்கிவிட்டார். 1966 ஜனவரியில் மற்றவர்கள் ஜப்பானில் நிகழ்ச்சிகள் நடத்திக்கொண்டிருந்தபோது, அவர் விளம்பரத் துறையில் பணியாற்றிய டோனி ஆஷருடன் சேர்ந்து பாடல்களை உருவாக்கி, ஹாலிவுட்டின் வெஸ்டர்ன் ரெக்கார்டர்ஸ், கோல்ட் ஸ்டார் முதலிய ஒலிப்பதிவுக் கூடங்களில் தொழில்முறை இசைக்கலைஞர்களைக் கொண்டு பின்னணி இசையைப் பதிவு செய்தார். டிரம்ஸில் ஹல் ப்ளெய்ன், பேஸ் கிட்டாரில் கரோல் கே போன்றோர் அந்தக் கலைஞர்களில் அடக்கம். குழுவினர் திரும்பி வந்ததும் குரல்கள் சேர்க்கப்பட்டன. விதிவிலக்குகள் உண்டு: ‘தட்ஸ் நாட் மீ’ பாடலின் அடித்தளத்தைப் பெரும்பாலும் குழுவினரே வாசித்தார்கள், ‘ஸ்லூப் ஜான் பி’ பாடலின் பின்னணி இசையோ 1965 ஜூலையிலேயே பதிவாகிவிட்டது.

தொழில்நுட்ப வகையில் இங்கே கவனிக்க வேண்டியது நாடாக்களின் அமைப்பு. அன்றைய கூடங்களில் இருந்தவை, ஒரே நாடாவில் மூன்று அல்லது நான்கு ஒலித்தடங்களைத் தனித்தனியே பதியும் கருவிகள். அவற்றில் பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ ஒரே அறையில் அமர்ந்து வாசித்ததைப் பதிவு செய்து, அதை ஒற்றைத் தடமாகச் சுருக்கி வேறொரு நாடாவுக்கு மாற்றினார்கள். அந்த இரண்டாவது நாடாவில் எஞ்சிய தடங்களில் குரல்கள் பதிவாயின. குரல்களுக்குக் கூடுதல் இடம் வேண்டியபோது, எட்டுத் தடக் கருவி இருந்த கொலம்பியா கூடத்துக்குச் சென்றார்கள். கடைசியாக எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து மோனோவாக்கினார் பிரையன். அவருடைய வலது காது ஏறக்குறைய முற்றிலும் கேட்காமல் இருந்தது. பல கருவிகளை ஒரே ஒலியாகக் குவித்த தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் பாணியைப் போற்றியவர் என்பதால் மோனோவே அவருக்கு இயல்பான வடிவமாகவும் இருந்தது. வாங்குபவருக்கு இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, 1966-இல் உண்மையான ஸ்டீரியோக் கலவை என்று ஒன்று உருவாக்கப்படவே இல்லை. மற்றொன்று, கருவிகளின் நாடாவும் குரல்களின் நாடாவும் தனித்தனியே பிழைத்திருந்ததால்தான் பிற்காலத்தில் பின்னணி இசையை மட்டும், குரல்களை மட்டும், இரண்டையும் சேர்த்து ஸ்டீரியோவில் என்று விதவிதமாக வெளியிட முடிந்தது.

எனவே முதல் தேர்வு மோனோவா ஸ்டீரியோவா என்பது. மற்றெல்லாத் தேர்வுகளையும்விட இதுவே கேட்கும் அனுபவத்தை அதிகம் மாற்றும் என்பதால் இதில் சற்று நேரம் செலவிடலாம்.

மோனோவில் கருவிகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, தனித்தனியே பெயர் சொல்ல முடியாத புதுக் கருவிகளாக ஒலிக்கின்றன. அக்கார்டியனும் கிட்டாரும் எங்கே பிரிகின்றன, இரண்டு பேஸ் வாத்தியங்களில் எது எந்தச் சுரத்தை வாசிக்கிறது என்பது எளிதில் பிடிபடாது. அது அக்காலத் தொழில்நுட்பத்தின் குறையன்று. பிரையன் தேடிச் சென்று அடைந்த விளைவு. ‘காட் ஒன்லி நோஸ்’ பாடலின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஹார்ன் எழும்போது அதற்குக் கீழே நிற்கும் ஒலிப்பரப்பு ஒரே மூச்சாகக் கேட்பது மோனோவில்தான்.

ஒலிப்பொறியாளர் மார்க் லினெட் 1990-களின் நடுவில், பிரையனின் மேற்பார்வையில், கருவி நாடாக்களையும் குரல் நாடாக்களையும் கணினியின் உதவியால் ஒத்திசைத்து முதல் ஸ்டீரியோக் கலவையை உருவாக்கினார். அது 1997-இன் பெட்டியில் வெளிவந்தது. அதில் காற்றோட்டம் அதிகம். மணிகள் ஒரு பக்கமும் கிட்டார் மற்றொரு பக்கமும் தெளிவாக நிற்கின்றன. குரல் அடுக்குகளை ஹெட்போனில் கேட்கும்போது யார் எந்த வரிசையைப் பாடுகிறார் என்று பின்தொடர முடிகிறது. மூல நாடாக்களிலிருந்து ஒரு தலைமுறை குறைவாகப் படியெடுத்ததால் இரைச்சலும் குறைந்திருக்கிறது.

ஆனால் இரண்டும் ஒரே பதிவின் இரு உருவங்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ‘உடன்ட் இட் பி நைஸ்’ பாடலின் இடைப்பகுதியை மோனோவில் பாடுபவர் குழுவின் மற்றொரு பாடகரான மைக் லவ். அவருடைய அந்தக் குரல் பதிவான தடம் கையில் இல்லாததால் 1997-இன் ஸ்டீரியோவில் அவ்விடத்தில் பிரையனின் குரல் வந்தது. பின்னர் வந்த பதிப்புகளில் இது சரிசெய்யப்பட்டது. ‘யூ ஸ்டில் பிலீவ் இன் மீ’ பாடலில் பிரையன் தன் குரலின் மீதே மீண்டும் ஒருமுறை பாடியது இறுதிக் கலவையின்போது நேரடியாகச் சேர்ந்ததால் பல்தட நாடாவில் இல்லை. ஆகவே அந்த ஸ்டீரியோவில் குரல் ஒற்றையாக, சற்று மெலிந்து நிற்கிறது. மெலிந்திருப்பதே அந்தப் பாடலுக்குப் பொருந்துகிறது என்று வாதிடுபவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. ‘ஹியர் டுடே’ பாடலின் இடையிசையில் மோனோவில் மங்கலாகக் கேட்கும் கூடத்துப் பேச்சு ஸ்டீரியோவில் நீக்கப்பட்டது. அது பிழையாக நுழைந்த பேச்சுதான் என்றாலும், பல்லாண்டுகளாக அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு அதன் இன்மை உடனே தெரியும்.

ஆல்பத்தை முதன்முதலாகக் கேட்கப்போகிறவர் மோனோவில் தொடங்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஸ்டீரியோ இரண்டாவதாகக் கேட்கும்போது நிறைய கற்றுத்தருகிறது. முதலில் கேட்டால், அந்த ஆல்பம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்ற கேள்வி எழக்கூடும். நல்வாய்ப்பாக இந்தத் தேர்வில் ஒன்றை வாங்கி மற்றொன்றை இழக்க வேண்டியதில்லை. 36 நிமிட ஆல்பம் ஒரு குறுந்தட்டில் இருமுறை அடங்கிவிடும். 1999 முதல் மோனோவும் ஸ்டீரியோவும் ஒரே தட்டில் கிடைக்கத் தொடங்கின. இடையே ஆல்பப் பாடல் ஒன்றின் முந்தைய வடிவமான ‘ஹேங் ஆன் டு யுவர் ஈகோ’வையும் சேர்த்துவிட்டார்கள். பெரும்பாலான கேட்பவர்களுக்கு இந்த ஒற்றைத் தட்டே முழுமையான கொள்முதல் என்று சொல்வேன். பழைய பிரதியாக வாங்குபவர் 1999-இன் தட்டைவிட, மேலே சொன்ன இடைப்பகுதி திருத்தப்பட்ட பிந்தைய வெளியீட்டைத் தேடுவது பயன் தரும். 1990-இல் வந்த குறுந்தட்டில் மோனோ மட்டும் இருக்கிறது. மூன்று கூடுதல் தடங்கள் உண்டு என்றாலும், ஸ்டீரியோவும் சேர்ந்த தட்டு கிடைக்கும்போது அதை விரும்பி வாங்கக் காரணம் குறைவு.

இனி அரிய பதிவுகள். இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை இவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம். நான்கின் மதிப்பும் சமமன்று.

முதலாவது, ஆல்பத்தில் இடம்பெறாத பாடல்கள். இதை எதிர்பார்த்துப் பெட்டி வாங்குபவர்களே ஏமாறுகிறவர்கள். ‘ட்ரோம்போன் டிக்ஸி’ என்ற கருவியிசைத் துண்டு இருக்கிறது. கேட்க இனிமையானது, ஆனால் அது விடுபட்டதால் ஆல்பம் எதையும் இழக்கவில்லை. ‘ஹேங் ஆன் டு யுவர் ஈகோ’ என்பது ‘ஐ நோ தேர்ஸ் அன் ஆன்சர்’ பாடலின் முந்தைய வரிகளைக் கொண்ட வடிவம். குழுவுக்குள் எழுந்த எதிர்ப்பால் வரிகள் மாறின என்பதால் அதற்கு வரலாற்று மதிப்பு உண்டு. இசையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. டாமி மோர்கன் வாசித்த அந்தப் பருத்த பேஸ் ஹார்மோனிகா இரண்டிலும் அப்படியே இருக்கிறது. இவை தவிர, ‘டோன்ட் டாக்’ பாடலுக்கு முன்னுரையாகப் பிரையன் தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிவு செய்த ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டு ஒன்று உண்டு. பாடலின் முன் அதைச் சேர்க்காமல் விட்டது சரியான முடிவே. ஆனால் தனியாகக் கேட்டால், வேறெந்தக் கூடுதல் தடமும் தராத ஒரு சிலிர்ப்பு அதில் இருக்கிறது.

இரண்டாவது வகை, மாற்று வடிவங்கள். ‘காட் ஒன்லி நோஸ்’ பாடலைப் பிரையனே முன்னின்று பாடிய வடிவம், அதன் இடைப்பகுதியில் சாக்ஸஃபோன் ஒலிக்கும் வடிவம், ‘ஸ்லூப் ஜான் பி’யின் முதல் பகுதியைப் பிரையனின் தம்பி கார்ல் வில்சன் பாடும் வடிவம், ‘கரோலைன், நோ’ மூல வேகத்தில் ஒலிக்கும் வடிவம் என்று இவை தொடர்கின்றன. ஒவ்வொன்றையும் ஓரிருமுறை கேட்டால் போதும். எடுக்கப்பட்ட முடிவுகள் ஏன் சரியானவை என்பதை அவை காட்டிவிடுகின்றன, அத்துடன் அவற்றின் வேலை முடிகிறது. ‘கரோலைன், நோ’ மட்டும் விதிவிலக்கு. பிரையனின் தந்தை மர்ரி வில்சனின் யோசனைப்படி அந்தப் பாடலின் வேகம் கூட்டப்பட்டு, சுருதியும் ஏறியது. மூல வேகத்தில் பாடுபவர் வயதில் மூத்தவராக, சோர்ந்தவராகக் கேட்கிறார். எது நல்லது என்பதில் இன்னும் நான் ஒரு முடிவுக்கு வரவில்லை.

மூன்றாவது, குரல்கள் மட்டும் ஒலிக்கும் தடங்கள். கருவியிசைத் தடங்கள் இரண்டு நீங்கலாக எல்லாப் பாடல்களுக்கும் இந்த வடிவம் உண்டு. பீச் பாய்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது குரலிணைவு என்பதால், பெட்டியை வாங்குபவர் முதலில் இதைத்தான் தேடிப் போவார், போனால் ஏமாற்றமிருக்காது. ‘ஸ்லூப் ஜான் பி’யில் கருவிகள் ஓய்ந்து குரல்கள் மட்டும் நிற்கும் சில விநாடிகளை ஆல்பத்திலேயே கேட்டிருப்போம், அதே செறிவு மற்றப் பாடல்களிலும் கருவிகளுக்குப் பின்னால் மறைந்திருந்தது என்பது இங்கே தெரிகிறது. மூச்சிழுப்பும், தொடக்கத்துக்குக் காத்திருக்கும் மௌனமும்கூட விழுகின்றன. பாடகர் குழுவில் இருப்பவர்கள், குரலிணைவு எழுதக் கற்பவர்கள் ஆகியோருக்கு இந்த ஒரு பகுதிக்காகவே பெரிய பதிப்பைப் பரிந்துரைப்பேன்.

நான்காவது வகைதான் பெரிய பதிப்புகளின் உயிர்: ஒலிப்பதிவு அமர்வுகள். 1997-இன் பெட்டியில் இவை ஒழுங்கான முறையில் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பாடலுக்கும் முதலில் அமர்விலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள் வருகின்றன. நின்றுபோன முயற்சிகள், திருத்தங்கள், கட்டுப்பாட்டு அறையிலிருந்து பிரையன் ஒலிபெருக்கியில் சொல்லும் குறிப்புகள் எல்லாம் அவற்றில் உண்டு. அடுத்து முழுமை பெற்ற பின்னணி இசை ஸ்டீரியோவில் தனியே வருகிறது.

‘காட் ஒன்லி நோஸ்’ அமர்வு இதற்கு நல்ல சான்று. 1966 மார்ச் 10 அன்று வெஸ்டர்ன் கூடத்தில் ஏறக்குறைய இருபது கலைஞர்கள் கூடியிருக்கிறார்கள். இடையே வரும் கருவியிசைப் பகுதி ஒட்டாமல் இடறிக்கொண்டே இருக்கிறது. சுரங்களை நீட்டாமல் வெட்டி வெட்டி வாசித்தால் என்ன என்று பியானோக் கலைஞர் டான் ராண்டி யோசனை கூற, அந்தப் பகுதி உயிர் பெறுகிறது. ஆல்பத்தை மட்டும் கேட்பவருக்கு அந்த இடம் இசையமைப்பாளரின் மனத்தில் முன்பே முழுமையாக உருவாகியிருந்ததாகத் தோன்றும். அமர்வைக் கேட்பவருக்கு, அறையில் இருந்தவர்களின் கூட்டு உழைப்பு தெரியும். பிரையனின் மேதைமை இதனால் குறைவதில்லை. இருபது பேர் வாசிக்கும்போது ஒருவரின் ஒற்றைச் சுரம் தவறியதைக் கேட்டு நிறுத்தும் அவருடைய காதும், நல்ல யோசனையை அந்த நொடியே ஏற்றுக்கொள்ளும் அவருடைய தன்னம்பிக்கையும் நாடாவில் பதிவாகியிருக்கின்றன. அப்போது அவருக்கு வயது 23.

இதுபோல் வேறு பலவும் உண்டு. ‘யூ ஸ்டில் பிலீவ் இன் மீ’ பாடலின் தொடக்க ஒலி, பிரையன் கட்டைகளை அழுத்திப் பிடிக்க, டோனி ஆஷர் பியானோவின் உள்ளே தந்திகளை மீட்டியதால் பிறந்தது. அதே பாடலின் இறுதியில் சைக்கிள் மணியும் ஹார்னும் வருகின்றன. ‘கரோலைன், நோ’வின் தொடக்கத்தில் விழும் எதிரொலிகொண்ட அடி, காலியான பெரிய தண்ணீர்க் குடுவையை ஹல் ப்ளெய்ன் தட்டியது. ‘ஐ ஜஸ்ட் வாஸன்ட் மேட் ஃபார் தீஸ் டைம்ஸ்’ பாடலில் பால் டேனர் வாசித்த எலெக்ட்ரோ-தெரமின் என்ற மின்னணுக் கருவி பிறகு ‘குட் வைப்ரேஷன்ஸ்’ பாடலிலும் ஒலித்துப் புகழ்பெற்றது. ஆல்பத்தின் பெயரையே தாங்கிய கருவியிசைத் தடத்தில் காலிக் கோகோ கோலா தகரக் குவளைகள் தாளக் கருவியாகின்றன. ஆல்பம் முடியும் இடத்தில் குரைக்கும் பானானா, லூயி என்ற இரு நாய்களின் பதிவு அமர்வும் பெட்டியில் இருக்கிறது. கூடத்துக்குள் ஒரு குதிரையைக் கொண்டுவர முடியுமா என்று பிரையன் ஒலிப்பொறியாளர் சக் பிரிட்ஸைக் கேட்பது அதில்தான். இத்தகைய செய்திகளை எழுத்தில் படித்தாலும் போதும் என்பவர்கள் அமர்வுத் தட்டுகளை வாங்க வேண்டியதில்லை. ஒரு பாடலின் அடுக்குகளைக் காதால் பிரித்தறிய விரும்புகிறவர்களும், இசைக்கோர்ப்பு கற்பவர்களும் வாங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. அமர்வுத் தட்டுகளைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒரே மூச்சில் கேட்பது களைப்பூட்டும். ஒரே தொடக்கம் ஆறேழு முறை வந்து நின்றுபோவதைத் தொடர்ந்து கேட்கப் பொறுமை வேண்டும். ஒரு பாடலின் அமர்வு, அதன் பின்னணி இசை, அதன் குரல்கள், கடைசியாக அதன் மோனோ வடிவம் என்ற வரிசையில் நாளுக்கு ஒரு பாடலாகக் கேட்டால் பெட்டியின் முழுப் பயனும் கிடைக்கும். தட்டுகள் அந்த வரிசையில் அமைக்கப்படவில்லை. கேட்பவரே தொகுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பெட்டிகளை நேருக்கு நேர் வைக்கலாம். 1997-இன் ‘தி பெட் சவுண்ட்ஸ் செஷன்ஸ்’ 30-ஆம் ஆண்டை ஒட்டி 1996-இல் வருவதாக இருந்து, தாமதமாகி அடுத்த ஆண்டு நவம்பரில் வந்தது. நான்கு தட்டுகளில் புதிய ஸ்டீரியோ, அமர்வுகள், குரல் தடங்கள், மாற்று வடிவங்கள், கடைசியாக மோனோ என்ற அமைப்பு. அதன் தனிச்சிறப்பு எழுத்தாளர் டேவிட் லீஃபின் பொறுப்பில் உருவான கையேடுகள். அமர்வுகளில் வாசித்த கலைஞர்கள், ஒலிப்பொறியாளர்கள் முதலானோரின் நேர்காணல்கள் நிரம்பிய அவை தனி நூலாகவே படிக்கத் தக்கவை. அதன் குறைகள் இரண்டு: ஸ்டீரியோக் கலவை, மேலே சொன்ன இடைப்பகுதி திருத்தப்படுவதற்கு முந்தையது, பெட்டி இன்று பழைய பிரதியாக மட்டுமே கைக்கு வரக்கூடியது.

2016-இன் 50-ஆம் ஆண்டுப் பெரிய பதிப்பு, கெட்டி அட்டை நூலின் வடிவில் நான்கு குறுந்தட்டுகளையும் ஒரு ப்ளூ-ரே ஒலித்தட்டையும் கொண்டு, 104 தடங்களுடன் வந்தது. அதன் அமர்வுப் பகுதிகளும் குரல் தடங்களும் பெரும்பாலும் 1997-இல் வெளிப்பட்ட அதே மூலங்களிலிருந்து வந்தவை. அந்தப் பெட்டியில் இல்லாத புதியவை, முன்பு வெளிவராத மேடை நிகழ்ச்சிப் பதிவுகளும், ப்ளூ-ரேயில் உயர் தெளிவில் தரப்பட்ட மோனோ, ஸ்டீரியோ, பின்னணி இசை, கேட்பவரைச் சுற்றிப் பல ஒலிபெருக்கிகளில் ஒலிக்கும் 5.1 சரவுண்ட் வடிவங்களும் ஆகும். மேடைப் பதிவுகளை நான் உயர்வாக மதிப்பிட மாட்டேன். இருபது பேரைக் கொண்டு கூடத்தில் எழுப்பிய ஒலியை ஐந்து பேர் மேடையில் எப்படிச் சமாளித்தார்கள் என்ற ஆர்வத்துக்கு அவை தீனி போடும். அதற்கு மேல் மீண்டும் நாடிச் செல்ல வைப்பவை அல்ல.

முந்தைய பெட்டி எதையும் வாங்காதவர், அமர்வுகளைக் கேட்டே ஆக வேண்டும் என்று முடிவு செய்தவர், 2016-இன் பெரிய பதிப்பையே தேர்ந்தெடுக்கலாம். 1997-இன் பெட்டியை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு நிலைமை வேறு. அவர் இரண்டாவது முறை செலவு செய்வதற்கான ஒரே வலுவான காரணம் ப்ளூ-ரே. சரவுண்ட் ஒலியமைப்பு இல்லாத வீட்டில் அந்தக் காரணமும் பாதியாகிவிடுகிறது. அவர் தன் பழைய பெட்டியோடு, திருத்தப்பட்ட ஸ்டீரியோவுக்காக ஓர் ஒற்றைத் தட்டை மட்டும் சேர்த்துக்கொள்வது சிக்கனமான தீர்வு.

2016-இன் இரட்டைத் தட்டு இடைநிலையில் நிற்கிறது. மோனோவும் ஸ்டீரியோவும் முழுமையாக இருப்பதோடு, பெரிய பதிப்பின் கூடுதல் தடங்களிலிருந்து ஒரு தேர்வும் இருக்கிறது. அமர்வுகளில் ஆர்வம் வருமா வராதா என்று உறுதியில்லாதவருக்கு இதுவே பொருத்தம். ஆர்வம் பிடித்துக்கொண்டால் பெரிய பதிப்புக்கு மீண்டும் செலவு செய்ய நேரும் என்பது இதன் குறை; ஆனால் அந்த ஆர்வம் எல்லோருக்கும் வந்துவிடாது என்பதால் இந்தக் குறையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் ஸ்ட்ரீமிங்கில் ‘காட் ஒன்லி நோஸ்’ அமர்வைத் தேடிக் கேட்டுப் பார்ப்பது இன்னும் எளிய சோதனை. அது முடியும்வரை ஆர்வம் தாங்கினால் பெரிய பதிப்பை வாங்கலாம்.

2006-இன் 40-ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரு குறுந்தட்டும் ஒரு டிவிடியும் கொண்டது. டிவிடியில் சரவுண்ட் கலவையும் ஆல்பம் உருவான கதையைச் சொல்லும் ஆவணப் பகுதிகளும் இருக்கின்றன. சரவுண்ட் கேட்க விரும்பி, பெரிய பெட்டிக்குச் செலவிட விரும்பாதவருக்கு இது பழைய பிரதியாக நல்ல தேர்வு. பொதுவாகச் சரவுண்ட் வடிவத்தைப் பற்றி என் கருத்து கலப்பானது: மோனோவாகவே கற்பனை செய்யப்பட்ட இசையை ஐந்து திசைகளுக்குப் பிரிப்பது, அமர்வுத் தட்டுகள் செய்வதையே வேறு வழியில் செய்கிறது, அமர்வுகள் கையில் இருப்பவருக்கு அது அவசியமில்லை. 2023-இல் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் உருவாக்கிய, சரவுண்டின் புதிய வகையான டால்பி அட்மாஸ் கலவைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அது ஸ்ட்ரீமிங் வழியாகக் கிடைப்பதால் வாங்குவது பற்றிய சிக்கல் எழவில்லை.

வினைல் விரும்புகிறவர்களுக்கு அரிய பதிவுகள் பற்றிய கவலை இல்லை. அவர்களுடைய தேர்வு மோனோ அச்சா ஸ்டீரியோ அச்சா என்பதோடு முடிகிறது. 2016-இல் கேபிடல் இரண்டையும் 180 கிராம் எடையில் தனித்தனியே வெளியிட்டது; அனலாக் ப்ரொடக்ஷன்ஸ் நிறுவனமும் இரண்டையும் தனித்தனியே அச்சிட்டிருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் என்றால் மோனோ. பழைய தட்டுகளை நாடுபவர் உறையில் ‘டியூஃபோனிக்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தவிர்த்துவிட வேண்டும். 1966-இல் மோனோக் கலவையையே மின்னணு முறையில் இரு பக்கமாகப் பிரித்து ஸ்டீரியோ என்ற பெயரில் விற்ற வடிவம் அது. மோனோவின் ஒருமையும் அதில் இல்லை, பின்னாளைய ஸ்டீரியோவின் தெளிவும் இல்லை. 1972-இல் ‘கார்ல் அண்ட் த பேஷன்ஸ்’ ஆல்பத்தோடு இணைத்து இரட்டைத் தட்டாக வந்த பிரதியில் இருப்பது மோனோ. பழைய கடைகளில் அது தென்பட்டால், தட்டின் பரப்பில் கீறல் இல்லாத பட்சத்தில், தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.